தீமை எங்கே குடியிருக்கிறது? – இளையோர்க்குரிய புதினங்கள் சில

தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கும் நாள்களில் பெற்றோர் சிலர் நம்மை அணுகிக் கேட்கும் வினா ஒன்றுண்டு. "ஃபாதர், பையன் எந்நேரமும் மந்திரவாதிக் கதையும் கொலைக் கதையுமாவே படிச்சிட்டிருக்கான். நல்ல புத்தகமா ஏதாவது சொல்லுங்க" என்பர். இவ்வினாவிற்குள் ஒரு தீர்ப்பு முன்னரே அடங்கியிருக்கிறது. மந்திரவாதி உலவும் நூலும் கொலை நிகழும் நூலும் நல்ல நூல்களாக இருத்தல் இயலாது என்பதே அத்தீர்ப்பு. நாம் புனிதர் வரலாறு ஒன்றை எடுத்துக் கொடுத்தால் பெற்றோர் மனநிறைவுடன் செல்வர். பிள்ளையோ அதனைப் பணிவுடன் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுத் தன் தலையணைக்கு அடியில் இருக்கும் நூலுக்குத் திரும்பிவிடுவான். அந்தத் தலையணையடி நூலைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

இளையோர் இன்று விரும்பிப் படிக்கும் புதினங்கள் பெரும்பாலும் மூன்று வகையின. இல்லாத உலகொன்றைப் படைத்து அதில் மாயமும் மந்திரமும் உலவவிடும் மாயப்புனைவு ஒன்று. குற்றம் ஒன்றைப் புதிராக வைத்து அவிழ்க்கும் துப்பறியும் புதினம் மற்றொன்று. மூன்றாம் வகைக்குத் தமிழில் நிலைத்த பெயர் இன்னும் அமையவில்லை. மனிதர் தாமே கட்டியெழுப்பிய சமுதாயம் அவர்களையே நசுக்கும் ஓர் எதிர்காலத்தை அது காட்டுகிறது. இக்கட்டுரையின் பொருட்டு அதனைக் கொடுங்கனவுப் புதினம் என்று அழைப்போம்.

இம்மூன்றையும் அளப்பதற்கு நம்மவர் வழக்கமாகக் கையாளும் கோல் எளியது. மந்திரம் வருகிறதா, இரத்தம் சிந்துகிறதா, தகாத சொல் இடம்பெறுகிறதா என்று பார்ப்பர். வந்தால் நூல் தள்ளுபடி. இக்கோலால் அளந்தால் திருவிவிலியத்தின் அரசர் நூல்களைக்கூட இளையோர் கையில் கொடுத்தல் ஆகாது. நாம் வேறொரு கோலை முன்வைக்கிறோம். ஒரு நூலைக் கையிலெடுத்தவுடன், 'இதில் தீமை எங்கே குடியிருக்கிறது?' என்று கேட்டுப் பார்க்கலாம். தீமை முழுவதும் பகைவனிடத்தில், அயலான் நாட்டில், கோர முகங்கொண்ட ஒருவனிடத்தில் மட்டுமே குடியிருக்குமாயின், அந்நூலில் ஒரு தகாத சொல்கூட இல்லாவிடினும் அது இளையோர்க்குக் கேடு விளைவிப்பதே. தான் எந்நாளும் நல்லவர் பக்கத்தில் நிற்பவன் என்னும் மயக்கத்தை அது வளர்த்துவிடுகிறது. நாயகனின் நெஞ்சிலும் அவனை வளர்த்த வீட்டிலும் தீமைக்கு ஓர் அறை உண்டு என்று காட்டும் நூலோ, எத்துணை மாயம் நிறைந்ததாயினும், உண்மை பேசுகிறது.

இது நாம் புதிதாய்க் கண்ட கோல் அன்று. புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலில் பதினாறாம் வயதில் நண்பர்களோடு சேர்ந்து அண்டைத் தோட்டத்துப் பேரிக்காய்களைத் திருடியதைப் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். பசிக்காகத் திருடவில்லை. அதைவிட நல்ல பழங்கள் அவர் வீட்டிலேயே இருந்தன. திருடியவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தனர். தவறு செய்வதில் இருந்த இன்பமே தம்மை ஈர்த்தது என்று கண்டு அவர் திகைக்கிறார். உரோமைப் பேரரசின் கொடுமைகளையெல்லாம் அறிந்த ஒருவர், தீமையின் இயல்பை ஆராய ஒரு சிறுவனின் கையிலிருந்த பேரிக்காயைத் தேர்ந்துகொண்டது எண்ணத்தக்கது.

மாயப்புனைவில் முதலில் நாம் எடுத்துக் கொடுப்பது அமெரிக்க எழுத்தாளர் அர்சலா லெ குவின் (1929–2018) எழுதி 1968இல் வெளிவந்த 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'. எர்த்ஸீ என்பது அவர் படைத்த தீவுக்கூட்டம். அங்கு வாழும் மந்திரவாதி ஒருவனின் இளமைக் கதை இது. சற்று வளர்ந்த சிறுவர்க்கென ஒரு நூல் வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டபோது, கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லாரும் நரைத்த தாடியுடனேயே தோன்றுகிறார்களே, அவர்கள் இளமையில் எங்கே, எவ்வாறு கற்றிருப்பார்கள் என்று எண்ணியதே இப்புதினத்தின் வித்து என ஆசிரியரே குறிப்பிட்டிருக்கிறார். மந்திரப் பள்ளிக்குச் செல்லும் சிறுவனை 1997க்குப் பின்னரே உலகம் கண்டது என்று எண்ணும் ஹாரி பாட்டர் அன்பர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

நாயகனின் பெயர் கெட். தமிழில் எழுதும்போது அப்பெயர் வேறொரு சொல்லை நினைவூட்டுவது தற்செயலே. ஆடு மேய்க்கும் சிற்றூரில் தாயின்றி வளர்ந்த, செம்புநிற மேனி கொண்ட சிறுவன் அவன். அவனுக்குக் கிடைத்த ஆசான் ஓகியன் என்னும் பெரியவர். மழையை விலக்கும் ஆற்றல் இருந்தும் மரத்தடியில் நனைந்தபடி உறங்குபவர். ஆற்றல் இருந்தும் அதைப் பயன்படுத்தாதிருப்பதே அவர் கற்பிக்கும் பாடம். இளையவனுக்கு அது விளங்கவில்லை. மந்திரம் கற்றுத் தராமல் மழையில் நடக்கவிடும் ஆசானை எந்தச் சிறுவன்தான் பொறுப்பான்? கெட் அவரை விட்டு நீங்கி ரோக் தீவிலுள்ள புகழ்பெற்ற பள்ளிக்குச் செல்கிறான். அங்கே உடன்பயிலும் ஒருவன் தன்னை இகழ்ந்ததைப் பொறாது, தன் ஆற்றலைக் காட்டுதற்பொருட்டு, இறந்துபோன ஒரு பெண்ணின் ஆவியை அழைக்கிறான். பிளந்த இருளினூடே அவளோடு வேறொன்றும் உள்ளே நுழைகிறது. அது முகமற்ற ஒரு நிழல். அப்பிளவை மூடும் முயற்சியில் பள்ளியின் முதுபெருந் தலைவர் உயிர்விடுகிறார். கெட் முகத்தில் வடுவோடு பிழைக்கிறான்.

எஞ்சிய புதினம் முழுவதும் அந்த நிழல் அவனைத் துரத்துவதும், பின்னர் ஓகியனின் அறிவுரைப்படி அவன் திரும்பி நின்று அதைத் துரத்துவதுமாகும். எர்த்ஸீயில் ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவனே அதன்மேல் ஆற்றல் கொள்வான். அந்நிழலின் பெயரை அறிந்தார் எவருமிலர். இறுதியில் உலகின் கீழ்க்கோடிக் கடலில், உண்மை நண்பன் ஒருவன் படகில் காத்திருக்க, கெட் அந்நிழலை நேர் நின்று சந்திக்கிறான். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பெயரை உச்சரிக்கின்றனர். அது அவனது சொந்தப் பெயரே.

பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருவனுக்குப் பாவத்தைப் பற்றி நாம் மறைக்கல்வி வகுப்பில் ஓராண்டு கற்பிப்பதைவிட இந்த ஓர் அதிகாரம் மிகுதியாகக் கற்பித்துவிடும் என்று நாம் கருதுகிறோம். 'அவன்தான் என்னைத் தூண்டினான்' என்று சொல்லிப் பழகிய வயது அது. நிழலை அழைத்தவன் உடன்பயின்றவன் அல்லன், தானே என்று ஏற்கும்வரை கெட்டுக்கு விடுதலை இல்லை.

மந்திரம் குறித்த அச்சத்திற்கு இங்கேயே விடை கூறிவிடலாம். இணைச்சட்ட நூலின் 18ஆம் அதிகாரம் மாயவித்தையையும் இறந்தோரிடம் குறிகேட்பதையும் கண்டிக்கிறது என்பதை நாம் அறிவோம். 1 சாமுவேல் 28இல் சவுல் அரசர் மாறுவேடமிட்டு ஏன்தோருக்குச் சென்று, இறந்த சாமுவேலை எழுப்பச் சொல்லும் நிகழ்வையும் அறிவோம். அச்சத்தால் சவுல் செய்ததைச் செருக்கால் கெட் செய்கிறான். இருவர்க்கும் அது அழிவாகவே திரும்புகிறது. தடைசெய்யப்பட்ட செயலைக் காட்டுவதால் ஒரு நூல் தீயதாகிவிடாது. அச்செயலுக்குரிய விலையை மறைத்தால்தான் தீயதாகும். லெ குவின் விலையை மறைக்கவில்லை. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தனும் வேதாளமும் நடத்திய உரையாடலை வாயைப் பிளந்துகொண்டு படித்து வளர்ந்த நம் தலைமுறை, பேரப்பிள்ளைகளின் மந்திரவாதிகளைக் கண்டு இத்துணை நடுங்குவது வியப்பே.

ஆயினும் குறைகளும் உள. ரோக் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. சிற்றூர்ப் பெண்களின் மந்திரத்தை இகழும் பேச்சும் இடம்பெறுகிறது. ஆசிரியரே பின்னர் இதனை உணர்ந்து, 1990இல் 'டெஹானு' என்னும் புதினத்தில் அதே உலகைப் பெண்ணின் கண்வழி மறுபடியும் பார்த்தார். படிக்கும் சிறுமியரிடம் இதனைச் சொல்லிவிடுதல் நலம். மற்றொரு குறை நம் பார்வையில் இன்னும் ஆழமானது. லெ குவின் கிறித்தவர் அல்லர். சீனத்துத் தாவோ நெறியில் தோய்ந்தவர். கெட் தன் நிழலை ஏற்று முழுமை பெறுகிறான்; ஆனால் அவனை மன்னிப்பார் எவருமில்லை. உயிர்விட்ட முதியவர்க்காக அவன் எவரிடமும் மன்றாடுவதில்லை. தன்னை அறிதல் ஒன்றே போதுமா என்னும் வினாவை நூல் எழுப்பாமலேயே முடிகிறது.

அவ்வினாவோடு இருக்கும் பிள்ளைக்கு, பதினைந்து வயது கடந்தபின், டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' புதினத்தைக் கொடுக்கலாம். 1954–55இல் மூன்று பகுதிகளாக வெளிவந்த இப்பெருநூலைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். ஒன்றைமட்டும் சொல்லி நகர்கிறோம். தீமையின் கணையாழியை எரிமலையில் எறிவதற்காக இத்துணைத் தொலைவு நடந்த ஃபுரோடோ, விளிம்பில் நின்றபோது தோற்றுப்போகிறான். எறிய மறுத்து, அது தனதே என்கிறான். திரைப்படத்தை மட்டும் பார்த்தவர்கள் இத்தோல்வியின் கனத்தை முழுதும் உணர்வதில்லை. காரியத்தை முடிப்பது நாயகனின் வீரம் அன்று. முன்பொருநாள் கொல்லத்தக்க நிலையில் இருந்த இழிந்த பிறவி ஒன்றின்மேல் காட்டப்பட்ட இரக்கமே சுற்றி வந்து உலகைக் காக்கிறது. டோல்கீன் கத்தோலிக்கர், பன்னிரண்டு வயதில் தாயை இழந்து, ஓர் அருட்பணியாளரின் காப்பில் வளர்ந்தவர். எனினும் தம் கதைமாந்தரை மறையுரை ஆற்றவிடவில்லை. அந்த அடக்கத்தை நம் மறைக்கதை எழுத்தாளர்கள் கற்றுக்கொண்டால் நன்று.

துப்பறியும் புதினத்திற்கு வருவோம். பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களின் அட்டைகளே இவ்வகை பற்றிய நம்மவர் கருத்தை உருவாக்கிவிட்டன. ஆனால் இவ்வகையிலேயே, குற்றவாளியைத் தேடிச் செல்பவன் தன் நெஞ்சுக்குள் இறங்கித் தேடும் கதைகளும் உண்டு. ஆங்கிலேய எழுத்தாளர் ஜி. கே. செஸ்டர்டன் (1874–1936) படைத்த பாதர் பிரௌன் கதைகளையே குறிக்கிறோம். இவை குறும்புதினங்கள்கூட அல்ல, சிறுகதைகள். பெரிய நூலைக் கண்டு மலைக்கும் பிள்ளைக்கு அதுவே நன்மை. நம் இனத்தவர் ஒருவர் துப்பறிகிறார் என்பதற்காக நாம் பரிந்துரைப்பதாக எவரும் ஐயுற வேண்டா.

இக்கதைமாந்தரின் பிறப்பே சுவையானது. 1904இல் யார்க்ஷயர் பகுதியில் ஜான் ஓ'கானர் என்னும் கத்தோலிக்கக் குருவோடு செஸ்டர்டனுக்கு நட்பு ஏற்பட்டது. உலகின் இழிவுகளைப் பற்றி அக்குரு தம்மைவிட மிகுதியாக அறிந்திருப்பது கண்டு செஸ்டர்டன் அதிர்ந்தார். பின்னர் அதே குருவைச் சந்தித்து உரையாடிய இரு கேம்பிரிட்ஜ் மாணவர்கள், அவர் அறையை விட்டு நீங்கியதும், மடத்துக்குள் அடைபட்டு உலகத் தீமையை அறியாதிருக்கும் இத்தகையோரின் வாழ்வு இரங்கத்தக்கது என்ற பொருளில் பேசினர். செஸ்டர்டனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தில் நாள்தோறும் மனித நெஞ்சின் அடிமண்ணைக் காணும் ஒருவரை அறியாப் பேதை என்று உலகம் எண்ணுகிறதே, அதுவே ஒரு துப்பறிவாளனுக்குச் சிறந்த மாறுவேடம் அன்றோ?

முதல் கதையான 'தி ப்ளூ கிராஸ்' 1910இல் வெளிவந்தது. நீலக்கற்கள் பதித்த சிலுவை ஒன்றைத் திருடுவதற்காகப் பெருந்திருடன் ஒருவன் குருவேடமிட்டுப் பாதர் பிரௌனோடு நடக்கிறான். சர்க்கரைக் கிண்ணத்தில் உப்பும் உப்புக் கிண்ணத்தில் சர்க்கரையும் மாறிக்கிடப்பது முதலான சிறு குழப்பங்கள் வழிநெடுகிலும் நிகழ்கின்றன. ஆங்கிலத்தில் படிக்க இயலாத நம் பங்குச் சிறுவர்களுக்கு இக்கதையை ஒரு மாலையில் தமிழில் வாய்மொழியாகச் சொன்னோம். அந்த உப்புக் கிண்ணத்தைப் பற்றி ஒரு வாரம் வரை பேசிக்கொண்டிருந்தனர். வேடதாரி உண்மைக் குரு அல்லன் என்பதைப் பாதர் பிரௌன் எவ்வாறு கண்டார் என்பது குருமடத்தில் பயின்ற எவரையும் மகிழ்விக்கும். அவன் மனித அறிவை இகழ்ந்து பேசினான். அது தவறான இறையியல். ஆசிரியர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தது 1922இல்தான் என்பதை நினைக்கையில் இச்சுவை இரட்டிப்பாகிறது.

ஆனால் நம் அளவுகோலுக்கு மிகவும் பொருந்துவது 'தி ஹாமர் ஆஃப் காட்' என்னும் கதை. கொன்றவர் யாரென்று சொல்வது துப்பறியும் கதைக்குச் செய்யும் துரோகமாதலின் சொல்லோம். பாதர் பிரௌன் கோயில் கோபுரத்தின் உச்சியில் நின்று கீழே பார்க்கும் இடம்வரை படித்தல் வேண்டும். உயரத்தில் நின்று பழகியவர்களுக்கு மனிதர் பூச்சிகளாகத் தெரியத் தொடங்குகின்றனர். அங்கிருந்து தீர்ப்பிடுவது தமக்கே உரிய கடமை என்றும் தோன்றிவிடுகிறது. இதை உமக்கு யார் சொன்னது என்று கொலையாளி நடுங்கும்போது, தாமும் ஒரு மனிதர் என்பதால் தம் நெஞ்சிலும் எல்லாப் பேய்களும் உண்டு என்ற கருத்தில் அவர் விடைபகர்கிறார். இக்கருத்தையே 1927இல் வெளிவந்த 'தி சீக்ரெட் ஆஃப் பாதர் பிரௌன்' தொகுதியின் தொடக்கம் விரித்துரைக்கிறது. கொலையாளியின் மனத்தைத் தமக்குள் முழுதும் உணர்ந்து, தாமே கொலையாளியாகும்வரை எண்ணிப் பார்ப்பதே தம் முறை என்கிறார் அவர். ஷெர்லாக் ஹோம்ஸ் சேற்றையும் சுருட்டுச் சாம்பலையும் ஆராய்கிறார். இவரோ தம் மனச்சான்றை ஆராய்கிறார். ஹோம்ஸை நாம் குறைத்துப் பேசவில்லை. அவரைப் படிக்கும் பிள்ளை கூர்மை பெறுவான். பாதர் பிரௌனைப் படிப்பவன் கூர்மையோடு சற்று அடக்கமும் பெறக்கூடும்.

'தி இன்விசிபிள் மேன்' கதையையும் விட்டுவிடல் ஆகாது. காவலுக்கு நின்ற நால்வரும், வீட்டினுள் எவரும் நுழையவில்லை என்று உறுதி கூறுகின்றனர். நுழைந்தவன் அவர்கள் கண்ணெதிரேதான் நடந்து சென்றான். ஆனால் அவன் செய்த தொழிலின் காரணமாக அவனை ஒரு மனிதனாக அவர்கள் எண்ணவே இல்லை. இதைப் படித்து முடித்த பிள்ளையிடம், நம் வீட்டுக்கு நாள்தோறும் பால் கொண்டுவருபவரின் பெயர் என்ன என்று கேட்டுப் பார்க்கலாம். பெற்றோரும் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

எச்சரிக்கை ஒன்று. தீமை நெஞ்சுக்குள் இருக்கிறது என்று இத்துணை அழகாகக் காட்டிய செஸ்டர்டனே சில இடங்களில் அதனைத் தோலின் நிறத்திற்குள் வைத்துவிடுகிறார். 'தி ராங் ஷேப்' கதையில் வரும் இந்தியரையும், 'தி காட் ஆஃப் த காங்ஸ்' கதையில் வரும் கறுப்பினத்தவரையும் அவர் வரைந்துள்ள விதம் இன்று படிப்பார்க்கு அருவருப்பூட்டும். தொகுதியை மொத்தமாகக் கொடுக்காமல், கதைகளைத் தேர்ந்து கொடுக்குமாறு சொல்வது இதன்பொருட்டே. சற்று முதிர்ந்த பிள்ளையாயின் அக்கதைகளையும் கொடுத்து, ஆசிரியர் தம் அளவுகோலைத் தாமே எங்கே முறித்துக்கொண்டார் என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். அதுவும் ஒரு துப்பறிதலே.

மூன்றாம் வகையான கொடுங்கனவுப் புதினத்தின் மூலவேர் நம் புனிதர் ஒருவரிடமே இருக்கிறது. புனித தாமஸ் மோர் 1516இல் 'உட்டோப்பியா' என்னும் தீவைப் படைத்தார். 'இல்லாத இடம்' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். தனியுடைமை இல்லாத, பசி இல்லாத அத்தீவில், தீராத நோயுற்று வருந்துவோரிடம் குருக்களும் ஆட்சியாளரும் சென்று சாவைத் தேர்ந்துகொள்ளுமாறு அறிவுறுத்துகின்றனர். இதை மோர் விரும்பி எழுதினாரா, எள்ளி நகையாடினாரா என்பதில் அறிஞர் இன்றும் ஒன்றுபடவில்லை. எப்படியாயினும், துன்பமற்ற உலகை அமைப்போர் இறுதியில் துன்புறுவோரையே அகற்ற முனைவர் என்னும் உண்மை அந்நூலில் ஒரு விதையாய்க் கிடக்கிறது.

அவ்விதை முளைத்தெழுந்ததாக அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லோரியின் 'தி கிவர்' புதினத்தைக் கூறலாம். 1993இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு சிறுவர் இலக்கியத்திற்கான நியூபெரி பதக்கம் பெற்றது. ஜோனஸ் என்னும் சிறுவன் வாழும் சமூகத்தில் பசி இல்லை, சண்டை இல்லை, வேலையின்மை இல்லை, நிறங்களும் இல்லை. பன்னிரண்டாம் வயதில் ஒவ்வொருவர்க்கும் தொழில் ஒதுக்கப்படும். ஜோனஸுக்கு ஒதுக்கப்படுவது விந்தையானது. அச்சமூகம் தன் பழைய நினைவுகள் அனைத்தையும் ஒரே ஒரு முதியவரிடம் ஒப்படைத்துவிட்டு மறந்து வாழ்கிறது. அவரிடமிருந்து அந்நினைவுகளைப் பெற்றுச் சுமப்பதே இவன் தொழில். பனிச்சரிவில் சறுக்கும் இன்பம், வெயில், உடைந்த காலின் வலி, போர்க்களம் என்று ஒவ்வொன்றாக அவனுள் இறங்குகின்றன. பின்னொரு நாள் நண்பர்கள் வழக்கமாக ஆடும் விளையாட்டு ஒன்றைக் கண்டு அவன் உறைந்து நிற்கிறான். அது போர். தானும் இதுநாள்வரை சிரித்துக்கொண்டே ஆடியது அதைத்தான்.

இப்புதினத்தில் கொடியவன் என்று சுட்டத்தக்க ஒருவரும் இல்லை. இதுவே இதன் பேராற்றல். பின்வருவதைப் பெற்றோர்க்காகச் சொல்கிறோம். பிள்ளையிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டா. ஜோனஸின் தந்தை குழந்தைகளைப் பேணும் பணியாளர், மென்மையானவர், அன்புடையவர். எடை குறைந்த இரட்டைக் குழந்தை ஒன்றை அவர் 'விடுவிக்கும்' காட்சியை மகன் காண நேர்கிறது. வழக்கமான கொஞ்சுமொழியில் பேசிக்கொண்டே குழந்தைக்கு ஊசியிட்டு, உயிரற்ற உடலைப் பெட்டியில் இட்டுச் சரிவில் தள்ளிக் கையசைத்து விடைகொடுக்கிறார். அவர்க்குத் தாம் செய்வது தீமை என்றே தெரியாது. தீமை இங்கே குடியிருப்பது ஒரு நல்ல தந்தையின் கனிந்த குரலில்.

1990களில் அமெரிக்க நூலகங்களிலும் பள்ளிகளிலும் பெற்றோரின் எதிர்ப்பை மிகுதியாகச் சந்தித்த நூல்களின் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது. குழந்தைக் கொலை இடம்பெறுகிறது என்பதும் ஒரு காரணம். கருக்கலைப்பையும் கருணைக்கொலையையும் எதிர்த்து நாம் வெளியிடும் துண்டறிக்கைகள் எதுவும் செய்ய இயலாததை இப்பக்கங்கள் செய்கின்றன என்பதை எதிர்த்தோர் காணவில்லை. முதுமையில் தம் தந்தை, இளமையிலேயே இறந்துபோன மூத்த மகளின் படத்தைப் பார்த்து அவளுக்கு என்ன நேர்ந்தது என்று நினைவின்றி வினவியதும் இப்புதினம் பிறக்கத் தூண்டிய நிகழ்வுகளுள் ஒன்று என லோரி கூறியிருக்கிறார். வலியான நினைவு அழிந்துபோவது நன்மைதானே என்று ஒரு கணம் தோன்றியதாம். அந்த ஒரு கணத்தை அவர் நேர்மையுடன் நீட்டிப் பார்த்ததன் பயனே இந்நூல்.

சுசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' முப்புதினம் (2008–2010) இளையோர் ஏற்கெனவே அறிந்தது. பதினைந்து வயதுக்குமுன் கொடுக்கத் தயங்குகிறோம். இருபத்து நான்கு சிறுவர் சிறுமியர் ஒருவரையொருவர் கொல்வதை ஒரு நாடே தொலைக்காட்சியில் கண்டு களிக்கிறது. காதல் முக்கோணம் தேவைக்கு மேல் நீள்கிறது; நடை சிறப்பானதன்று. எனினும் மூன்றாம் பகுதியின் முடிவில், வென்ற புரட்சியாளரின் தலைவியே, தோற்றவர்களின் பிள்ளைகளைக் கொண்டு அதே விளையாட்டை மீண்டும் நடத்தலாம் என்கிறாள். நாயகியின் அம்பு எவரை நோக்கித் திரும்புகிறது என்பதற்காகவே மூன்று பகுதிகளையும் படிக்கலாம். திரைப்படத்தைக் காணச் செல்வோர், அக்கொலைகளைத் திரையில் இரசிக்கும் கூட்டத்தில் தாமும் ஓர் இருக்கையில் அமர்ந்திருப்பதை எண்ணிப் பார்ப்பார்களாக.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதினர்க்கு 'எர்த்ஸீ'யும் தேர்ந்த பாதர் பிரௌன் கதைகளும். பதின்மூன்று, பதினான்கில் 'தி கிவர்'. டோல்கீனும் காலின்ஸும் அதன்பின். இந்நூல்களில் சில நம் பங்கு நூலகத்தில் உள்ளன. வாங்கிச் சென்றவர்கள் திருப்பித் தந்தால் எல்லாமே இருக்கும். பிள்ளைக்குக் கொடுக்குமுன் பெற்றோருள் ஒருவரேனும் படித்துவிடுதல் வேண்டும். தடைசெய்வதற்காக அன்று, பேசுவதற்காக.

'தி கிவர்' இவ்வகையில் மிகவும் பயன்படும். இறுதிப் பக்கத்தில் ஜோனஸ் ஒரு குழந்தையைச் சுமந்துகொண்டு பனிச்சரிவின் கீழே ஒளியையும் இசையையும் நோக்கிச் செல்கிறான். அவன் பிழைத்தானா, குளிரில் இறந்துகொண்டே கண்ட கனவா என்பதை ஆசிரியர் சொல்லவில்லை. சென்ற கோடையில் நம் இளையோர் இதுபற்றி ஞாயிறு திருப்பலி முடிந்து வெயில் ஏறும்வரை கோயில் முற்றத்தில் நின்று வாதிட்டனர். லோரி பின்னர் 2000, 2004, 2012ஆம் ஆண்டுகளில் எழுதிய மூன்று தொடர்புதினங்கள் அவ்வினாவிற்கு விடை கூறிவிடுகின்றன. வாதம் ஓயும்வரை அவற்றைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் வைத்திருக்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.